தகப்பனின் ஊரை மட்டும் கேட்டவன்

நான் செய்த ஒரு பிழையைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எனக்கு நல்லது செய்த ஆட்களைப் பற்றியே பேனை ஓடுகிறது. இரண்டும் ஒரே மண்டபத்தில், ஒரே மேசையில் நடந்தவை. பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

அந்த மேசை ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபத்தில் இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிழமை நாட்களில் நான் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். சனி, ஞாயிறில் சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து சப்வேயும் பஸ்ஸும் எடுத்துப் போய் அந்தப் பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்தேன். யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் கணிதம் படிப்பித்தவன் என்று சொன்னால் இங்கே எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். பிறகு தரை துடைக்கும் மொப் இருக்கும் அறையைக் காட்டுவார்கள்.

வருடத்துக்கு ஒரு முறை, மே மாதத்து நீண்ட வாரவிடுமுறையில், சீன வம்சாவளியினருக்கான கூடைப்பந்துச் சுற்றுப்போட்டி அங்கே நடக்கும். மொன்றியல், வன்கூவர், நியூயோர்க் என்று தூர இடங்களிலிருந்தெல்லாம் அணிகள் வரும். காசுக்கு விளையாடுபவர்கள் ஒருவரும் இல்லை. வங்கியில் வேலை செய்பவர்கள், சமையற்காரர்கள், பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள். பள்ளிக்கூட அணியில் 'நீ கட்டை' என்று வாங்கில் இருத்தி வைக்கப்பட்டவர்கள் அந்த மூன்று நாளும் நாயகர்களாக ஓடுவார்கள். நான் ஓரத்தில் மொப்போடு நிற்பேன். யாராவது விழுந்தால் தரையில் வியர்வையைத் துடைப்பது என் வேலை.

முதல் வருடம் அப்படி நிற்கும்போது, பலகையில் ஒரு புள்ளி குறைவாக இருப்பதைக் கண்டேன். கல்லூரியில் எங்கள் அணிக்கு நான்தான் புள்ளித்தாள் எழுதியவன். கண் தானாகவே எண்ணிக்கொண்டிருந்தது. வாய் பொறுக்காமல் மேசைக்குப் போய், "அறுபது அல்ல, அறுபத்தொன்று" என்றேன். போட்டியை நடத்தியவர் ஹொங்கொங்கிலிருந்து வந்து இங்கே மருந்துக்கடை வைத்திருந்தவர். தாளை மேலிருந்து கீழே எண்ணிப் பார்த்தார். அறுபத்தொன்றுதான். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து என் கையில் தந்தார்.

"தரையை யார் துடைப்பது?" என்று கேட்டேன்.

"நான் துடைக்கிறேன்," என்றார். சொன்னபடி மொப்பை வாங்கிக்கொண்டும் போனார்.

நான்கு வருடமாக இந்த நாட்டில் என் கையெழுத்தை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இரண்டு புள்ளிக்கு ஒரு சாய்கோடு, தனி எறிதலுக்கு ஒரு கரும்புள்ளி, மூன்று புள்ளிக்கு எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். அந்த வருடம் மூன்று நாளும் எழுதினேன். என் தொழிலைக் கேட்டறிந்த பிறகு அவர் என்னை 'ரீச்சர்' என்றே கூப்பிட்டார். நான் சைவம் என்று தெரிந்ததும் அடுத்த நாள் எனக்குத் தனியாக ஒரு சாப்பாட்டுப் பெட்டி வந்தது. மூடியில் மையால் ஒரு சீன எழுத்து. 'மரக்கறி' என்று அர்த்தமாம். இன்றைக்கும் எனக்கு வாசிக்கத் தெரிந்த சீன எழுத்து அது ஒன்றுதான்.

பிழை நடந்தது மூன்றாம் வருடம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு தமிழ் முகத்தை எங்கே கண்டாலும் 'எவடம்?' என்று கேட்போம். பஸ்ஸில் கேட்போம், ஆஸ்பத்திரியில் ஊசி போட வருபவரிடமும் கேட்போம். ஊரைச் சொன்னால் தகப்பன் யார் என்று கேட்போம். அதோடு ஆளைப் பிடித்துவிட்டோம் என்று ஒரு திருப்தி வரும். என் மனைவி சொல்வார்: "உங்களுக்கு ஆரைக் கண்டாலும் ஊர் கேக்காட்டிச் சோறு இறங்காது."

அந்தச் சனிக்கிழமை பின்னேரம், பெண்களின் அரையிறுதி. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவராக மேசைக்கு வந்து தங்கள் எண்ணைச் சொன்னார்கள். ரொறன்ரோ அணியில் ஒருத்தி, இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும். முகம் எங்கள் பக்கத்து முகம். பட்டியலில் குடும்பப் பெயரும் எங்கள் ஆட்களின் நீளப் பெயர். நான் பென்சிலை வைத்துவிட்டுச் சந்தோசமாகக் கேட்டேன்.

"பிள்ளை தமிழோ? எவடம்?"

"சொறி அங்கிள், ஐ டோன்ற் ஸ்பீக் ரமில்," என்றாள்.

ஆங்கிலத்தில் தகப்பன் எந்த இடம் என்று கேட்டேன். யாழ்ப்பாணம் என்றாள். மேலும் கேட்க வாய் திறந்தேன். அவள் சிரித்துவிட்டு, "செவின், அங்கிள். நம்பர் செவின்," என்று பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. அவள் மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் என் வீட்டிலும் பிள்ளைகள் நான் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கியிருந்த காலம் அது. அந்தக் கோபம் எல்லாம் திரண்டு இவள் மேல் இறங்கியது. பின்னால் நின்ற மருந்துக்கடைக்காரரிடம் திரும்பி, பகிடி போல, ஆனால் உரத்துச் சொன்னேன்: "அந்த ஏழாம் நம்பர் எங்கள் ஆள். அசல் தமிழ்ப் பெண். சீனம் ஒரு துளியும் இல்லை."

தாய் அல்லது தகப்பன், ஒருவராவது சீன வம்சாவளியாக இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. அணித் தலைவி கையெழுத்து வைத்தால் போதும், வேறு பத்திரம் ஒன்றும் கேட்பதில்லை. எதிரணியின் பயிற்சியாளர் மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றார். உடனே கையை உயர்த்தினார். அணித் தலைவி ஓடி வந்து, தாய் சீனப் பெண், வேலை முடிந்து வந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னாள். எதிரணிக்காரர், உங்கள் மேசை ஆளே சொல்கிறாரே என்று என்னைக் காட்டினார்.

மருந்துக்கடைக்காரர் என்னிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார். "ரீச்சர், உங்களுக்கு நிச்சயமா?"

எனக்குத் தெரிந்தது தகப்பனின் ஊர் மட்டும். தாயைப் பற்றி நான் கேட்கவே இல்லை. எங்கள் பழக்கத்தில் அது கேள்வியே இல்லை. ஆனாலும் "நிச்சயம்" என்றேன். என்னை நம்பிக் கேட்ட மனிதரிடம் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

தாய் வந்து தன்னிடம் பேசும்வரை ஏழாம் எண் வெளியே இருக்கட்டும் என்று மருந்துக்கடைக்காரர் தீர்ப்புச் சொன்னார். அவர் அடுத்த மண்டபத்து ஆட்டத்தைப் பார்க்கப் போனார். நான் பட்டியலில் ஏழாம் எண்ணுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டேன். அடிமட்டம் வைத்து நேராகப் போட்டேன். அவள் பார்வையாளர் படிக்கட்டில் போய் இருந்து துவாயால் தலையை மூடிக்கொண்டாள்.

இரண்டாம் கால்பகுதியில் ஒரு பெண் மேசைக்கு வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். பேக்கரி வேலை உடுப்பு, தலையில் இன்னும் வலைத்தொப்பி. முகம் முழுச் சீன முகம். நான் ஆங்கிலத்தில் என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"என்ர மேள் சீனத்தி இல்லையெண்டு சொன்னது நீங்களோ?" என்றார்.

சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். என் பென்சில் தாளிலேயே நின்றுவிட்டது.

"நான் யாழ்ப்பாண ரவுணில பிறந்து வளந்தனான். என்ர அப்பா அங்க பல்லுக் கட்டினவர். உங்கட ஆக்களிலை பாதிப் பேர் அவர் கட்டின பல்லாலைதான் முறுக்குச் சாப்பிட்டவை."

சீனப் பல்வைத்தியரின் பெயர்ப்பலகை எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு ஒரு மகள் இருக்கக்கூடும் என்று மட்டும் நான் நினைத்ததில்லை.

"அங்க பள்ளிக்கூடத்தில என்னைச் சீனத்தி, சீனத்தி எண்டு கூப்பிட்டவை. இங்க சீன ஆக்களிட்டைப் போனா, சீனம் கதைக்கத் தெரியாத நீ என்ன சீனத்தி எண்டு கேக்கினம். இவள் பிறந்த நாளிலயிருந்து தேப்பன்ர பிள்ளை. முதல் தரமா இங்கதான் என்ர பிள்ளையா விளையாட வந்தவள். அதையும் நீங்கள் வெட்டிப் போட்டியள்." மூச்சு வாங்கினார். "சரி. நீங்கள் சொன்னதை நீங்களே மாத்திச் சொல்லுங்கோ. அந்தப் பொறுப்பானவர் எங்க?"

பக்கத்து மண்டபத்தில். ஒரு கதவு தள்ளினால் போதும். எனக்கு முன்னால் மேசையில் ஆட்டத்தை நிறுத்தும் மணியின் பொத்தானும் இருந்தது. நான் சொன்னது இது: "இப்ப வருவார். கொஞ்சம் இருங்கோ."

அவர் என்னை நம்பிப் போய் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

இதைத்தான் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் செய்தது அறியாமை என்று சொல்லித் தப்பலாம். இது அறிந்து செய்தது. ஆட்டம் நடக்கும்போது குழப்பக்கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொன்னேன். உண்மையில் அந்தக் கதிரை போய்விடும் என்று பயந்தேன். பிழை விட்டவன் என்று தெரிந்தால் திரும்பவும் மொப்தான் என்று நினைத்தேன். சாய்கோடு, கரும்புள்ளி, வட்டம் என்று குனிந்தபடி எழுதிக்கொண்டே இருந்தேன். இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு முறையும் தாய் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்களின் அணி மூன்று புள்ளியால் தோற்றது.

கடைசி மணி அடித்த பிறகுதான் எழுந்து பக்கத்து மண்டபத்துக்குப் போனேன். மருந்துக்கடைக்காரரிடம், தாய் சீனப் பெண்தான், இரண்டாம் கால்பகுதியிலேயே எனக்குத் தெரியும், மறைத்துவிட்டேன் என்று சொல்லிப் பென்சிலை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. நேரே நடந்து வந்து தாயிடமும் மகளிடமும் தன் பிழை போல மன்னிப்புக் கேட்டார். முடிந்த ஆட்டத்தை மாற்ற முடியாது, நாளைக் காலை மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஏழாம் எண் விளையாடுவாள் என்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"நாளை ஒன்பது மணிக்கு வாருங்கள்."

"எனக்கு எழுதத் தகுதியில்லை."

"எனக்கு வேறு ஆள் இல்லை, ரீச்சர்," என்றார். முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் 'ரீச்சர்' என்றார். அந்த ஒரு சொல்லை அவர் விட்டுவிட்டிருந்தால் நான் அதன் பிறகு அந்த மண்டபத்துக்குள் கால் வைத்திருக்க மாட்டேன்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தாய் ஆரெண்டு கேக்கோணும் எண்டு உங்களுக்கு ஏன் தோன்றேல்லை?" என்றார்.

ஞாயிறு காலை அவள் விளையாடினாள். பெரிய வீராங்கனை என்று சொல்ல முடியாது. ஆனால் பந்து எங்கே விழுமோ அங்கே முதலே போய் நிற்பாள். பதினொரு புள்ளி எடுத்தாள். அவள் கூடைக்குள் போட்ட ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து "போடு பிள்ளை, போடு!" என்று தமிழில் ஒரு சத்தம் கேட்டது. சீனப் பார்வையாளர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அணிக்கு மூன்றாம் இடம் கிடைத்தது.

மதியம் தாய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்தார். திறந்தால் இடியப்பமும் சொதியும்.

"சாப்பிடுங்கோ. நஞ்சு போடேல்லை," என்றார்.

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையால் மறித்தார். முன்னால் இருந்த கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டு, "நீங்கள் எவடம்?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அது தேப்பன்ர ஊரா இருக்கும். அம்மா எவடம்?"

என் தாய் ஒரு தீவுப் பகுதியிலிருந்து கலியாணம் கட்டி வந்தவர். ஐம்பத்தைந்து வயதுவரை அந்த ஊரின் பெயரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானாகச் சொன்னதும் இல்லை. அன்று அந்த மண்டபத்தில், இடியப்பத்தைப் பிய்த்தபடி, முதல் தடவையாகச் சொன்னேன். அவர் தலையாட்டி, "அங்க இருந்தும் கன பேர் அப்பாட்டைப் பல்லுக்கு வந்தவை," என்றார்.

ஒன்றை மட்டும் அவர்களிடம் அன்று நான் சொல்லவில்லை. எல்லாம் அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னதால் வந்த கோபம் என்று. இங்கே எழுதுகிறேன். அந்தத் தாய் இன்று உயிரோடு இருந்தால் அவரிடமும் சொல்வேன். "அது எனக்கு அப்பவே தெரியும்" என்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த வருடம் மருந்துக்கடைக்காரர் விண்ணப்பப் படிவத்தை மாற்றியிருந்தார். தாய்க்கு ஒரு கோடு, தகப்பனுக்கு ஒரு கோடு, இரண்டும் ஒரே நீளம். அவற்றை முதலே சரிபார்த்து அடுக்கும் வேலையை என்னிடம் தந்தார். எனக்கு அதை ஏன் தந்தார் என்று நான் கேட்கவில்லை.

முதல் ஆட்டத்துக்கு அவள் மேசைக்கு வந்தாள். நான் தாளை விட்டுத் தலை நிமிர்த்தாமல், "நம்பர்?" என்றேன்.

அவள் சொல்லவில்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, பாடமாக்கி வந்த ஒரு வசனத்தை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அங்கிள், எவடம் எண்டு கேக்கேல்லையோ?"

பின்னால் படிக்கட்டில் தாய் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் மறைத்தது. ஏழு என்று எழுதினேன்.

அன்று அவள் நன்றாக விளையாடவில்லை. ஆத்திரப்பட்டு ஆட்களை இடித்து, நான்காம் கால்பகுதியில் ஐந்தாவது பவுலோடு விதிப்படி வெளியே போனாள். ஐந்தையும் நான்தான் எழுதினேன். போகும்போது மேசையை ஒரு முறை பார்த்தாள். தாளைத் திருப்பிக் காட்டினேன். எண்ணிப் பார்த்தாள், சரிதான் என்று தலையாட்டிவிட்டு, தாய்க்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.