கெட்ட நாளைச் சொல்லுங்க

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் மிசுக் அக்கா முதலில் கழிப்பறையைத்தான் எட்டிப் பார்ப்பாள். பிடித்து எழக் கம்பி இருக்கிறதா, தரை வழுக்குகிறதா என்று காலால் தேய்த்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக்காரர்களுக்கு வணக்கம். "மனுஷங்க மறைப்பாங்க தம்பி, கக்கூஸ் மறைக்காது" என்பாள்.

வயது அறுபத்திரண்டு. தென்கொரியாவின் மொக்போ துறைமுகத்தை ஒட்டிய எங்கள் மேட்டுத்தெருவுக்கு அவள்தான் தெருத்தலைவி. ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தவள். அரசுக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் அது அவள் கைக்குப் போய், அங்கிருந்து என் ஜெராக்ஸ் கடைக்கு வந்துவிடும். நகல் எடுத்து முடிப்பதற்குள் என்னிடமே இரண்டு காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, "உன் மிஷினும் உன்னை மாதிரியே சோம்பேறி" என்று திட்டிவிட்டுப் போவாள். அப்படியும் அவள் வராத நாளில் கடை விடியாது.

எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம். வீட்டுக்கு ஆள் வந்தால் துடைப்பத்தோடு சேர்த்து நோயையும் ஒளித்துவைத்துவிடுவார்கள். படகுக் கேப்டன் மா தோங்பில் செய்ததும் அதுதான். எண்பத்தோரு வயது, பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துவிட்டது. வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டார்கள். நிலைமையைப் பார்க்க அலுவலகத்துப் பெண் வந்த அன்று, மனிதர் தலைக்கு மை பூசி, டை கட்டி, சுவரில் சாயாமல் உட்கார்ந்துவிட்டார். குளியல்? "நானே." சாப்பாடு? "நானே." போகும்போது வாசல்வரை வந்து குனிந்து வழியனுப்பினாராம்! அவள் போனதும் விழுந்தவர் மூன்று நாள் எழவில்லை. அவரைத் தூக்கப்போய் அவர் மனைவி சுனிம் அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. தகுதி இல்லை என்று கடிதமும் வந்தது.

மறுபடி விண்ணப்பிக்க வைத்தவள் மிசுக் அக்கா. இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால் அப்பாவை முதியோர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவேன் என்று பூசானிலிருந்து மகள் சொல்லிவிட்டாள். ஐம்பத்தாறு வருஷம் ஒரே பாயில் படுத்தவர்கள்.

அலுவலகத்திலிருந்து மறுபடி பார்க்க வரும் காலையில் நகல்களைக் கொடுக்க நானும் போயிருந்தேன். கேப்டன் டையோடு தயாராக இருந்தார். அக்கா இடுப்பில் கை வைத்தாள்.

"என்ன கேப்டன், மாப்பிள்ளை பாக்கவா வர்றாங்க?"

"வேத்துப் பொம்பள முன்னாடி அலங்கோலமா இருக்கச் சொல்றியா? பொய் சொல்லிப் பொழைக்கிற ஜாதி இல்ல நான்."

"போன தடவை சொன்னீங்களே, அதுதான் பொய்! நல்ல நாளையே சொன்னீங்க. கெட்ட நாளைச் சொல்லுங்க. திங்கக்கிழமை என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க போதும்."

"போடி. கப்பலே ஓட்டினவன் நான்."

"ஓட்டினீங்க. இப்ப உங்களை இழுத்துட்டுப் போறது யாரு? அந்தக் கையைப் பாருங்க."

மாவுக்கட்டுக் கையோடு சுனிம் அம்மா பார்லி டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதி வெளியே சிந்தியது. கேப்டன் பார்த்தார்.

அலுவலகத்துப் பெண் பத்து மணிக்கு வந்தாள். அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நடுவில் கதவு இல்லை, திரைதான். உள்ளே கேள்வி ஆரம்பமானது.

"சட்டை நீங்களே போட்டுப்பீங்களா ஐயா?"

"போட்டுப்பேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கழிப்பறைக்கு?"

திரையின் இடுக்கில், கேப்டன் நல்ல கையால் டையைப் பிடித்து இழுத்துத் தளர்த்துவது தெரிந்தது.

"அம்மா... திங்கக்கிழமை காலையில..." மனைவியின் மாவுக்கட்டைப் பார்த்தார். "இவ என்னைத் தூக்குறதுக்குள்ள, நான்..."

அந்தப் பெண்ணின் பேனா நகர ஆரம்பித்தது. நான் காதைத் திரைப்பக்கம் கொண்டுபோனேன். மிசுக் அக்கா என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். பிறகு தண்ணீர்க் குழாயை முழு வேகத்தில் திறந்துவிட்டு, கழுவி வைத்திருந்த கிண்ணங்களை எடுத்து ஒவ்வொன்றாகக் கடகடவென்று மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.