மாடம்மாள் நனைத்த வீடு

எனக்கு வாய் நீளம். எழுபத்து நாலில் கரமனையில் நாங்கள் வீடு கட்டினபோது அந்த வாய் யாரையும் விட்டுவைக்கவில்லை. மேஸ்திரி நேசமணி, செங்கல் வண்டிக்காரன், எதற்கும் தலையாட்டும் என் ஆத்துக்காரர் பட்டாபி, எல்லாருமே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அவர்களெல்லாம் மறந்திருப்பார்கள். மாடம்மாளை நினைத்தால்தான் எனக்கு இன்றும் சோறு இறங்குவதில்லை.

வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் போனபிறகு கட்டட வேலைக்குத் திருவனந்தபுரம் வந்தவள். கட்டின சுவருக்கும் வார்த்த கான்கிரீட்டுக்கும் தண்ணீர் ஊற்றி நனைப்பது அவள் வேலை. மனையிலேயே சிமெண்டு மூட்டை அடுக்கிய ஓலைக் கொட்டகையில் படுத்துக்கொள்வாள். பால் காய்ச்சும் அன்று அவளுக்கு ஒரு புடவையும் சாப்பாடும் உண்டு. அன்றைக்கே கொட்டகையையும் பிரித்துவிடுவார்கள். அவள் அடுத்த மனைக்குப் போய்விடுவாள். பதினைந்து வருஷமாக இதே பிழைப்பு.

"எத்தனை வீட்டை நனைச்சிருப்பே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முப்பது இருக்கும் மாமி. ஒண்ணுலயும் மழைக்கு உள்ள நின்னதில்ல." குடத்தை இறக்கி வைத்தாள். "நான் வெள்ளம் ஊத்துன வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு, வெளிய மழ கொட்டுறத ஒரு தடவ பாக்கணும். ஒரு சொட்டு உள்ள வராதுல்லா, அதப் பாக்கணும்."

"பெரிய ஆசைதான் போ! வைகாசி பாதியிலே இடவப்பாதி மழை பிடிக்கும், அப்போ வா. காப்பி போட்டுத் தரேன்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். மேல்தளம் வார்த்த மறுநாளே மண்ணால் பாத்தி கட்டி, கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து, மேலே தண்ணீரை வற்றவிடாமல் நிறுத்தினாள். ஏணியில் அவள் ஏறி இறங்குவதைப் பார்த்தால் நமக்குக் கால் வலிக்கும்.

வினை முகூர்த்தத்தில் வந்தது. ஜோசியர் வைகாசி பன்னிரண்டைக் குறித்துக் கொடுத்தார். அதை விட்டால் ஆவணிதான். 'ஆனி அடி எடாதே' என்பார்கள். ஆடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோட்டைக்குள் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் மழை வந்தால் படுக்கைக்கு மேல் குடை பிடிக்க வேண்டும். இன்னொரு மழைக்காலம் அங்கே இருக்க என்னால் ஆகாது.

"இருவத்தொரு நாளு வெள்ளம் நிக்கணும் மாமி, இல்லேன்னா வார்ப்பு வெடிக்கும்," என்றார் நேசமணி. அன்று பத்தாம் நாள். வார்ப்பைத் தாங்கின பலகையைப் பிரித்து, கூரை காய்ந்து, அடியில் வெள்ளையடித்தால்தான் முகூர்த்தத்தைப் பிடிக்கலாம். பிரிக்கச் சொல்லிவிட்டேன்.

மாடம்மாள் மேலிருந்து இறங்க மாட்டேன் என்றாள். "இன்னும் பதினோரு நாளு இருக்கு மாமி. வெள்ளமாவது நிக்கட்டும்."

"ஏன்டி, நீ என்ன இஞ்சினீயரா? ஊத்தினது போறும், பாத்தியை உடைச்சுட்டு இறங்கு!"

தன் கையாலேயே உடைத்தாள்.

பால் பொங்கியது. புடவையை வாங்கிக்கொண்டு, கூரையை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, பேரூர்க்கடையில் வேறொரு வேலைக்குப் போனாள்.

மழை பிடித்த மூன்றாம் நாள் கூடத்தில் சொட்ட ஆரம்பித்தது. அண்டாவை வைத்தேன். சமையலுள்ளில் ஒரு தவலையை வைத்தேன். அப்போது வாசலில் குரல்.

"மாமி, மழ பாக்க வந்திருக்கேன்."

தொப்பலாக நனைந்திருந்தாள். அத்தனை தூரமும் நடந்தே வந்திருக்கிறாள் பாவி. தரை ஈரமாகக் கூடாது என்று படியிலேயே முந்தானையைப் பிழிந்தாள். உள்ளே வந்து ஜன்னல் பக்கம் நின்று வெளியே பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

அவள் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. தன் தலை ஈரம் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டாள். இன்னொன்று விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். பிறகு அண்டாவைப் பார்த்தாள்.

"நான் ஊத்துனது பத்தலியோ மாமி?"

ஊரையெல்லாம் பேசின இந்த வாய்க்கு அப்போது என்ன வந்ததோ! "காப்பி குடிக்கறியா?" என்று மட்டும் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். நிரம்பின அண்டாவை வெளியே கொண்டுபோய்க் கொட்டி, திரும்பவும் சொட்டுகிற இடத்திலேயே வைத்துவிட்டு, மழையில் இறங்கிப் போனாள்.

மறுவாரம் பேரூர்க்கடையில் தேடினேன். வேலை முடிந்து போய்விட்டாள் என்றார்கள். வித்துராப் பக்கம் பார்த்ததாக நேசமணி ஒருதரம் சொன்னார். பஸ் ஏறி அங்கேயும் போனேன், காணவில்லை.

பத்து வருஷம் ஆகிவிட்டது. மேலே இன்னொரு பூச்சுப் பூசி, இப்போது ஒரு சொட்டு உள்ளே வருவதில்லை. ஆனாலும் இடவப்பாதி பிறந்தால் வாசல் கதவைச் சாத்த எனக்கு மனசு வருவதில்லை. சாரல் அடிக்கிறது என்று பட்டாபி முணுமுணுக்கிறார், அடிக்கட்டும். ஒருதரம் வாடி மாடம்மா. உன்மேல தப்பில்லை, நான்தான் நிறுத்தச் சொன்னேன்.