இளஞ்சிவப்பாக வந்த சீரம்

செடியின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கே யாராவது பையைத் தூக்கிக்கொண்டு பறிக்கக் கிளம்பிவிடுவார்கள். பெங்களூரில் காலி மனை இருக்கும் இடமெல்லாம் முளைத்துக் கிடக்கும் செடி அது. அதன் இலைச் சாறு ஈரல் புற்றைத் தடுக்கும் என்று நிரூபித்தவள் நான்தான். அப்படித்தான் அச்சில் இருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் ஆய்வகத்தில் எலிகளுக்கு ஒரு ரசாயனத்தை ஊசியில் போடுவோம். ஈரல் தன் வழக்கப்படி அதை உடைக்கும். உடைந்து வரும் பொருள் ஈரல் செல்களின் மரபணுவையே கெடுக்கும். செல்கள் சிதையச் சிதைய, உள்ளே இருக்கவேண்டிய நொதிகள் ரத்தத்தில் கசியும். தற்காப்புக்கென்று ஈரல் வைத்திருக்கும் குளூட்டாதயோன் குறையும். சில மாதங்களில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் வந்துவிடும். ஒரு கூட்டத்துக்கு ரசாயனம் மட்டும், இன்னொரு கூட்டத்துக்கு ரசாயனத்தோடு இலைச் சாறு. கடைசியில் இரண்டின் ரத்தத்தையும் ஈரலையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அந்த ரசாயனத்தை எடை போடும்போது இரண்டு ஜோடி கையுறை, முகமூடி, காற்றை உறிஞ்சும் கண்ணாடிப் பெட்டி எல்லாம் எனக்கு உண்டு. என் அண்ணன் சந்தாபுரா பக்கம் ஒரு பெயிண்ட் கம்பெனியில் டிரம் கழுவுகிறான். பதினோரு வருஷமாக வெறுங்கை. டிரம்மில் இருந்தது என்ன என்று கேட்டால், "தின்னர் மாதிரி ஏதோ ஒண்ணு" என்பான். எலிக்கு எத்தனை மில்லிகிராம் போனது என்று கணக்கு வைத்திருக்கிறோம். அண்ணனுக்குள் எவ்வளவு போனது என்று எவனும் கணக்கு வைக்கவில்லை. ஈரலில் தழும்பு விழுந்துவிட்டது, அது புற்றாக மாறலாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கண்டிப்பாக ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே நான் வாயை விட்டேன். சாறு குடித்த எலிகளின் நொதி அளவு பாதியாக இறங்கியிருக்கிறது என்று பீற்றிக்கொண்டேன். அண்ணன் இரண்டு முறை கேட்டுக்கொண்டான். கட்டுரை வெளிவந்ததும் ஒரு பிரதி வாங்கிப் போய் லேமினேட் பண்ணி வைத்துக்கொண்டான். பாசம் என்று நினைத்து நானும் இளித்துக்கொண்டு நின்றேன்.

பிஎச்.டி. ஆய்வேடு எழுத உட்கார்ந்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. நொதிகளில் ஒன்று மட்டும்தான் பாதியாக இறங்கியிருந்தது. இன்னொன்று இரண்டு கூட்டத்திலும் ஒரே அளவு. கட்டிகளும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை. "எடம் பத்தல" என்று கைடு அந்த இரண்டையும் கட்டுரையிலிருந்து எடுத்திருந்தார், நானும் தலையாட்டியிருந்தேன். பழைய நோட்டைப் புரட்டினேன். சாறு குடிக்காத கூட்டத்துக்கு நேரே என் கையெழுத்தில் "சீரம் இளஞ்சிவப்பு" என்று இருந்தது.

ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிகிற நீர்தான் சீரம். அது வெளிர் மஞ்சளாக இருக்கவேண்டும். முதல் நாள் அந்தக் கூட்டத்துக்கு ரத்தம் எடுத்தபோது ஊசியைக் கழற்றாமல், சிரிஞ்சை அழுத்திக் குழாய்க்குள் பீய்ச்சியிருக்கிறேன். மெல்லிய ஊசி வழியாக நெரிபட்டுச் சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுக்குள்ளும் இருக்கும் அதே நொதி சீரத்தில் கலந்து அளவைக் கூட்டிவிட்டது. மறுநாள் சீனியர் அக்கா பார்த்துவிட்டு, ஊசியைக் கழற்றிக் குழாயின் ஓரமாக வழியவிடச் சொன்னார். அன்றைக்கு எடுத்ததுதான் சாறு குடித்த கூட்டம். அளவு இறங்கியதற்கு இலை காரணமே இல்லை. என் கைதான் காரணம்.

நோட்டை எடுத்துக்கொண்டு கைடிடம் ஓடினேன். பெங்களூர் காக்ஸ் டவுனிலேயே வளர்ந்த தமிழர், சாந்தமாகத்தான் பேசுவார்.

"சார், எல்லாத்தையும் திரும்பப் பண்ணணும். பேப்பரை வாபஸ் வாங்கணும்."

"ஏம்மா, பேப்பரை செக் பண்ண ரிவ்யூவரே கேக்கல. நீ ஏன் கேக்கற? தீசிஸை முடிச்சுட்டுப் போற வழியப் பாரு."

அந்தச் சாந்தத்தைக் கேட்டபோது மேசையில் இருந்த குழாய்களையெல்லாம் வாரி வீசவேண்டும் போலிருந்தது. வீசவில்லை. பத்திரிகைக்கு நானே கடிதம் எழுதினேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. இன்னும் பரிசீலித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கடிதம் எழுதிய வாரமே பஸ் பிடித்துச் சந்தாபுராவுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். உள்ளே நுழையும்போதே மிக்ஸி சத்தம். அண்ணி இலையை அரைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாகத் தினமும் ஒரு டம்ளர் என்றாள். அதை நம்பி அண்ணன் இரண்டு ஸ்கேன் தேதிகளைத் தவறவிட்டிருந்தான்.

"அண்ணா, அது எலியையே காப்பாத்தலண்ணா. நான் ரத்தம் எடுத்த லட்சணத்துல நம்பர் தப்பாயிடுச்சு."

"சும்மா இரு. ரெண்டு பேர் செக் பண்ணித்தான் பேப்பர்ல போடுவாங்கன்னு நீதானே சொன்ன? மொத பேரே உன் பேரு. நான் வேற யாரை நம்புவேன்?"

எனக்கு வெறி பிடித்துவிட்டது. மிக்ஸி ஜாரைப் பிடுங்கி சிங்க்கில் கவிழ்த்தேன். லேமினேட் செய்த தாளைக் கிழிக்கப் பார்த்தேன், கிழிய மறுத்தது. வளைத்து வளைத்துப் பார்த்துவிட்டுத் தரையில் எறிந்தேன். அண்ணி பயந்துபோய் மூலையில் நின்றாள். "கத்தாதே, வர்றேன்" என்று அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டான்.

ஸ்கேனில் ஈரலின் வலது பக்கம் ஒரு கட்டி தெரிந்தது. டாக்டர் திரையில் அதை இரண்டு முறை அளந்தார். ஆறு மாதம் முந்தி வந்திருந்தால் சின்னதாக இருக்கும்போதே பிடித்திருக்கலாம் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்டார்.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ரஜா கொட்லில்ல சார்," என்றான்.

கம்பெனியில் லீவு கொடுக்கவில்லையாம். கையுறை கொடுக்காத பாவிகள்தான், ஆனால் ஸ்கேனுக்கு அவர்கள் ஒரு நாளும் லீவு மறுத்ததில்லை. டாக்டர் கம்பெனியைத் திட்டிக்கொண்டே அதை அப்படியே ஃபைலில் எழுதினார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் வாயைத் திறக்கவில்லை.