சித்தப்பா மாட்டாத வின்ரர் ரயர்

எங்கள் அப்பா காரைநகரில் பிறந்தார். கனடாவில் அஜக்ஸ் நகரில் வாழ்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மார்க்கம் நகரில் வீதியோரப் பனிக்குள் இருந்தபடி உயிரை விட்டார். முப்பத்தோராம் நாள் உங்கள் கைக்கு வந்த நினைவுப் புத்தகமான கல்வெட்டில், "இல்லத்தில் அமைதியாக இறைவனடி சேர்ந்தார்" என்று அச்சிட்டிருந்தது. அதை எழுதியவர் அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா. ஒரு வருடம் கழிந்து வரும் இந்த ஆட்டைத் திவச மலரை எழுதுவது மகளாகிய நான். "செத்த வீட்டுப் புத்தகத்திலை சண்டை பிடியாதை பிள்ளை" என்று அம்மா சொல்லிப் பார்த்துவிட்டார். நடந்ததை எழுதுவது சண்டை என்றால் அது சண்டையாகவே இருக்கட்டும்.

அகதியாக வந்த அப்பா முதலில் இருந்தது பார்க்டேலில். பேக்கரி வேலைக்கு விடியப்புறம் போக பஸ் இல்லை. யாரோ எறிந்த ஒரு சைக்கிளைத் திருத்தி, பனிக்காலம் முழுவதும் அதிலேயே போய் வந்தார். வழுக்காமல் இருக்க ரயர்க் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவார். வேலையால் வந்ததும் சாப்பிடமாட்டார். முதலில் ஈரத் துணியால் சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுவார். வீதிக்குக் கொட்டுகிற உப்பு இரும்பை என்ன செய்யும் என்று கடற்காற்றில் வளர்ந்தவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சைக்கிளில் போய் உழைத்துத்தான் சித்தப்பாவைக் கனடாவுக்குக் கூப்பிட்டார். அதை முதல் கல்வெட்டில் எழுதச் சித்தப்பாவுக்கு இடம் போதவில்லைப் போலும்.

அஜக்ஸில் வீடும் வான் வண்டியும் வாங்கிய பிறகும் அப்பா ரெயின் ஸ்ரேசனுக்குச் சைக்கிளில்தான் போனார். இலை உதிரத் தொடங்கினால் எங்கள் கராஜ் ஆஸ்பத்திரியாகிவிடும். ஆணி பதித்த ரயரை ஒரு சைக்கிளுக்கு மாட்டுவார். மற்றவற்றைக் கழுவித் துடைத்து, எண்ணெய் பூசிக் கூரையில் தொங்கவிடுவார். வானுக்குப் பனியில் வழுக்காத வின்ரர் ரயர், பற்றரிச் சோதனை, கதவு உறையாமலிருக்க ரப்பர் விளிம்புக்குக் கிறீஸ். பின்னால் ஒரு மூட்டை மணல், மண்வெட்டி, கயிறு, போர்வை.

"கனடாவுக்கு வந்தும் அண்ணைக்குச் சைக்கிள் விசர் போகேல்லை" என்று பார்ட்டிகளில் சிரித்தவர்கள் யாரென்று உங்களுக்கே தெரியும். நொவெம்பர் வந்ததும் அதே ஆட்கள் ரயர் மாற்ற எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். உள்ளே சூடாகத் தேத்தண்ணி குடித்து, ரோல்சும் சாப்பிட்டீர்கள். நெஞ்சில் ஒப்பரேசன் செய்துகொண்ட அப்பா வெளியே முழங்காலில் நின்று உங்கள் நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒருவராவது அந்தக் கோப்பையுடன் வெளியே வந்து அவருக்கு ஒரு வாய் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

சித்தப்பா மட்டும் வரவில்லை. அவர் புதிதாக எடுத்த காருக்கும் ரயர் மாற்றச் சொல்லி அப்பா மூன்று முறை போன் எடுத்தார். கடைசி முறை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"எடேய், இந்த முறை பனி கூடவாம். ரயரை வாங்கி வை, நான் வந்து மாத்திவிடுறன்."

"அண்ணை, உது நாலு சில்லும் இழுக்கிற கார். கோயிலிலை பூசை செய்து, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைச்சு நசிச்சனான். ஒண்டும் நடவாது."

"தேசிக்காய் பிறேக் பிடிக்குமோடா?"

"நீங்கள் எல்லாத்துக்கும் பயம்" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அந்த ஞாயிறு மழையும் பனியும் சேர்ந்து பெய்து வீதி கண்ணாடியாக இருந்தது. சாமத்திய வீட்டுக் கொண்டாட்டமொன்றுக்குச் சித்தியுடன் போன சித்தப்பாவின் கார் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. அவர் டோ ட்ரக்கைக் கூப்பிடவில்லை, அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினார். "காரைத் தள்ளிக் கிள்ளிப் போடாதேங்கோ" என்று அம்மா வாசல் வரை சொல்லிக்கொண்டு போனார். அப்பா பனியை வெட்டி, மணலைப் போட்டு, காரையும் தள்ளினார். கார் வெளியே வந்தது. அப்பா பனிக்குள் இருந்துவிட்டார். பிறகு எழும்பவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். தன் காரை நிறுத்தி ஓடிவந்து, அம்புலன்ஸ் வரும்வரை அப்பாவின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த, பெயர் தெரியாத அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு. அந்தக் குளிர்காலம் முழுவதும் கேளாமலே எங்கள் வாசல் பனியை வழித்த பக்கத்து வீட்டு அங்கிளுக்கு. அப்பாவின் சைக்கிளைக் கேட்க வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேளாமலே திரும்பிய பேக்கரி நண்பருக்கு.

சித்தப்பாவுக்கு நன்றி சொல்லும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஆனால் இந்த நொவெம்பரில் அவர் நாலு வின்ரர் ரயருடன் எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அப்பாவின் ஜாக்கை எடுத்துவந்து மாற்றத் தொடங்கினேன். அவருக்கு இரங்கியல்ல, அவர் இன்னொரு முறை பள்ளத்தில் விழுந்தால் அனுப்ப எங்கள் வீட்டில் இனி ஆள் இல்லை.

"பிள்ளை, மலரிலை அண்டைக்கு நடந்ததை எழுதத்தான் போறியோ?" என்றார்.

"ஓம். உங்களை எடுக்க வந்துதான் அப்பா செத்தவர். அதை எழுதுவன்."

அவர் குனிந்து, நான் கழற்றிவைத்த நட்டுகளைப் பொறுக்கி எடுத்தார்.

"அப்ப முழுக்க எழுது. ஸ்ரியறிங்கைச் சித்தியிட்டைக் குடுத்திட்டு இறங்கி வந்து தள்ளடா எண்டு அண்ணை கத்தினவர். பட்டு வேட்டி நனையும் எண்டு நான் இறங்கேல்லை. ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளை இருந்தனான்."

இது அம்மாவுக்கும் தெரியாது. இந்த மலரில்தான் அவர் வாசிக்கப் போகிறார். நான் கடைசி நட்டையும் இறுக்கி, காரை இறக்கி, கார்த் திறப்பை அவர் கையில் கொடுத்தேன்.

உண்மையைச் சொன்னதற்கு நன்றி, சித்தப்பா. நான் உங்களை மன்னிக்கவில்லை.