பெண்கள் ஊரில் வளர்ந்த மகன்

ஆடு மாடு மேய்க்கும் சம்புரு இனத்தார் நாட்டில் வீடு கட்டுவது பெண் வேலை. குச்சி வெட்டுவது, வளைத்துக் கட்டுவது, சாணி பூசுவது எல்லாம் அவள்தான்; கட்டி முடித்ததும் வீடு புருஷனுடையது. இந்த அநியாயம் பொறுக்காமல்தான் ஆற்றங்கரையில் சில பெண்கள் முள்வேலி போட்டு, ஆண்கள் குடியிருக்கக்கூடாத ஊர் ஒன்றை உண்டாக்கினார்கள். நலாங்கு அங்கே வந்து சேர்ந்தபோது அவளுடைய விலா எலும்பு உடைந்திருந்தது. முதுகில் கைக்குழந்தை லெமாயன். உடைத்த புண்ணியவான் அவள் புருஷன் பார்சலோய்.

ஊர் நன்றாகவே நடந்தது. பாசிமணி கோத்துச் சுற்றுலா வருபவர்களிடம் விற்றார்கள், ஆடு வாங்கினார்கள், பள்ளிக்கூடமும் கட்டினார்கள். ஒருத்தி மட்டும் மனசு இளகிப் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினாள். அவள் பின்னாலேயே அவன் ஆட்களோடு வந்து ஊர் ஆடுகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு போனான். அன்றைக்கே விதி போட்டார்கள்: புருஷன் வீட்டுக்குப் போனவளுக்கு வேலி மறுபடி திறக்காது. எல்லோரும் கை தூக்கினார்கள். அப்போது எல்லார் பிள்ளைகளும் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தன. பையன்கள் வளர்வார்கள் என்பது அத்தனை கெட்டிக்காரிகளில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

லெமாயன் வளர்ந்தான். பல வருஷத்துக்கு ஒருமுறை வரும் விருத்தசேதனப் பருவமும் வந்தது. தகப்பன் வம்சத்தார் கூடாரம் போடுகிற இடத்தில் தாய் தன் கையால் குடிசை கட்ட வேண்டும். அந்த வாசலில்தான் பையன் கத்திக்கு உட்காருவான். அது நடக்காவிட்டால் தலை நரைத்தாலும் அவன் பொடியன்தான். பெண் தரமாட்டார்கள், பெரியவர்கள் கூட்டத்தில் சேர்க்கமாட்டார்கள்.

“ஆடு மேய்க்கிற எடத்துல என்னைப் பொம்பளப் புள்ளைன்னு கூப்பிடுறானுங்கம்மா” என்று அழுதான்.

மரத்தடியில் கூட்டம் கூடியது. ஊரைத் தொடங்கிய நசேரியன்தான் பேசினாள். அவளும் அந்தப் பையனுக்குப் பால் கொடுத்தவள்.

“ஆஸ்பத்திரில பண்ணிக்கலாம்டி. சுத்தமா செய்வாங்க.”

“புண்ணு ஆறும்க்கா” என்றாள் நலாங்கு. “சேக்காளி எவன் கிடைப்பான்? எந்த வம்சம்னு கேட்டா அவன் என்ன சொல்லுவான்?”

“அப்ப போ. ஆனா திரும்பி வராத. உன் ஒருத்திக்குத் திறந்தா நாளைக்கு ஊரே இருக்காது.”

இரண்டு பேர் பேச்சிலும் தப்பில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

மகனோடும் ஆடுகளோடும் வந்தவளைப் பார்சலோய் சிரித்துக்கொண்டே வரவேற்றான். “கட்டு, நல்லாக் கட்டு. உன் ஆடெல்லாம் நம்ம பட்டியில அடைச்சுடு. கட்டிட்டுக் கிளம்புறதுக்கு இது சந்தையில்ல, பார்த்துக்க.”

நலாங்கு கட்டினாள். கத்தி பட்டபோது லெமாயன் இமைகூட அசைக்கவில்லை. ஆண்கள் அவன் பெயரைச் சொல்லிப் பாடியபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த ஒரு நாளுக்காக எதையும் பொறுக்கலாம் என்று நினைத்தாள், பாவி.

சில மாதத்தில் அவன் செம்மண் பூசிய வீரனானான். பெண் கண்பட்ட சாப்பாட்டை வீரன் தொடக்கூடாது என்பது வழக்கம். அவள் காய்ச்சிய பாலை விட்டு எழுந்து போனான். அதை அவள் பொறுத்துக்கொண்டாள். தன் ஆட்டை விற்றதை அவள் தட்டிக்கேட்ட நாளில் பார்சலோய் பழைய இடத்திலேயே மிதித்தான். மகன் வெளியில் ஈட்டியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

“அப்பாவை எதுத்துப் பேசினா சும்மா விடுவாரா?” என்றான்.

மறுநாள் காலையிலேயே விலாவைப் பிடித்துக்கொண்டு பெண்கள் ஊருக்கு நடந்தாள். வேலி வாசலில் அவளைப் பார்த்ததும் நசேரியனுக்கு விதியெல்லாம் மறந்துபோயிற்று. “அய்யோ, என்னடி இது” என்று அடைத்திருந்த முள்கிளையை இழுக்கத் தொடங்கினாள். பாதி இழுத்தவள் நின்றுவிட்டாள்.

பின்னால் லெமாயன், கூடவே ஈட்டியோடு இரண்டு பேர்.

“வாம்மா. அப்பா கூட்டிட்டு வரச் சொன்னாரு. என் மானம் போகுது.”

உள்ளே பெண்கள் அடிக்கக் கழியைக் கையில் எடுத்துவிட்டார்கள். அவனுக்கு நடை பழக்கியவர்கள்தான் அத்தனை பேரும்.

நசேரியன் முள்கிளையைத் திரும்ப வாசலில் தள்ளினாள். அவள் கண் கலங்கியிருந்தது; குரலில் ஈரமில்லை.

“அவனை ஆம்பளையாக்கத்தான போன? ஆயிட்டான். போ.”

நலாங்கு மகன் பின்னால் போனாள்.