எர்த் குழிக்கு ஒரு வாளித் தண்ணீர்

"டீச்சர் நெஞ்சுவலியில போயிட்டாங்க அய்யா" என்று எங்கள் பள்ளி அலுவலக உதவியாளர் போனில் சொன்னபோது நான் புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். "சரி" என்றேன். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிய பிறகுதான் எழுந்தேன்.

முத்துச்செல்வி டீச்சரை உங்களில் பலருக்குத் தெரியும். அவர் இயற்பியல், நான் தமிழ். ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து மேசை.

அந்த அறையின் குளிர்நீர்ப் பெட்டியைத் தொட்டால் சுள்ளென்று கடிக்கும். புதிதாக வருகிறவரிடம் சொல்லாமல் வைத்திருந்து வேடிக்கை பார்ப்போம். ஒருநாள் டீச்சர் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டிக் கட்டிவிட்டார். பங்குனி வெயிலில் சுடுதண்ணீர் குடித்த எரிச்சலில் கேட்டேன்: "சும்மா சுள்ளுன்னுதானே இருக்கு டீச்சர்?"

"இன்னைக்குச் செருப்பு போட்டிருக்கீய, சுள்ளுன்னு இருக்கு. நாளைக்கு ஈரக் காலோட தொட்டா? கரண்டுக்கு நம்ம மேல என்ன கோவம் அய்யா? அது மண்ணுக்குப் போகணும். அதுக்குன்னு ஒரு ஒயர் குடுத்தா அதுல போயிரும். குடுக்கலைன்னா நம்ம உடம்பு வழியாப் போகுது."

அந்த எர்த் ஒயர் போய்ச் சேரும் குழி பள்ளிக்குப் பின்னால் இருக்கிறது. கோடையில் நம் கரிசல் மண் வெடித்துக் காய்ந்துவிடும். காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாக வாங்காது. அதனால் ஒயரைச் சரிசெய்த பிறகும் டீச்சர் வெயில் காலம் முழுக்க அந்தக் குழிக்கு வாளியில் தண்ணீர் சுமந்தார். "அபிஷேகம் ஆச்சா டீச்சர்?" என்று கேலி செய்வேன். "ஆச்சு. நீங்க உசுரோட இருக்கீயள்லா, அதான் பிரசாதம்" என்பார்.

அவர் வீட்டுத் தெருவில் பந்தல் போட்டு, ஐஸ் பெட்டிக்குள் அவரைக் கிடத்தியிருந்தார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பெட்டியடியில் தண்ணீர் கசிந்து தரை ஈரமாக இருந்தது. மாலையை வைத்துவிட்டு, ஈரம் படாத பக்கம் நின்று விளிம்பைத் தொட்டேன். சுள்ளென்றது. செய்தி கேட்டதிலிருந்து எனக்கு உறைத்தது அது ஒன்றுதான்.

டீச்சரின் மகள் அழுதபடி பெட்டியைக் கட்டிக்கொள்ள ஓடிவந்தாள். "கரண்டு அடிச்ச ஆளப் பிடிச்சு இழுக்காதீய, மொதல்ல சுவிட்சத் தேடுங்க" என்று டீச்சர் வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வது காதில் கேட்டது. "தொடாத தாயி!" என்று கத்திக்கொண்டே ஓடி சுவிட்சை அணைத்தேன். டீச்சரின் அண்ணன் என் சட்டையைப் பிடித்தார்.

"ஏ வே, என்ன காரியம் செய்தீரு? ஐஸ் நின்னுரும்லா!"

பிளக்கை உருவிக் காட்டினேன். அதன் மூன்று கால்களில் தடித்தது, எர்த்துக்கானது, அறுக்கப்பட்டிருந்தது. "போர்டுல ரெண்டு ஓட்டைதான இருக்கும் அண்ணாச்சி, எப்பவும் அறுத்துருவோம்" என்றார் பெட்டிக்காரர், வெகு சாதாரணமாக. எனக்குக் கோபம்கூட வரவில்லை.

வேறு பெட்டி வரவழைத்து, டீச்சர் தன் வீட்டுக்குள் எர்த்தோடு போட்டு வைத்திருந்த மூன்று துளைப் பாயின்டில் செருகினோம். பெட்டி மேல் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், அதன் விளக்கு எரியவில்லை. "இப்பத் தொடு தாயி" என்றேன். அவள் அம்மாவின் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. நேற்று பள்ளிக்குப் பின்னால் போனேன். வாளி அவர் கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. நிரப்பிக் குழியில் ஊற்றினேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த வாளிதான். இனி அதை நான் சுமப்பேன். யாராவது "அபிஷேகம் ஆச்சா அய்யா?" என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தெரியும். சொல்லக் குரல் வருமா என்றுதான் தெரியவில்லை.