வாய்க்காலுக்கு அக்கரையில் நின்ற லாரி

எழுபதுகளின் தொடக்கம். திருவாரூருக்குக் கிழக்கே, பஸ் வராத ஒரு கிராமத்தில், சம்பா அறுவடை தொடங்கவேண்டிய தை மாதத்தில் இது நடந்தது. தலைப்பிரசவத்துக்காக நான் தாய் வீட்டுக்கு வந்திருந்தேன்.

வந்திருக்கவே கூடாது. என்னைக் கட்டிக்கொடுத்தது திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். அங்கே நடந்து போகிற தூரத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரி இருந்தது. என் கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்த நர்ஸ், பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொள்ளும்படி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். என் மாமியார் நல்லவர்தான். ஆனால், "தலைப்பிரசவத்த நாமளே பாத்துக்கிட்டா, பொண்ணு வீட்டுல நாதியில்லையான்னு ஊரு கேக்காதா?" என்றார். என் அம்மாவும் அதே பேச்சுக்குப் பயந்தவள். கட்டுச்சோறு எடுத்துவந்து, வளையல் போட்டு அழைத்துப் போய்விட்டாள். எனக்கும் அம்மா வீடு என்றால் ஆசைதான். பத்தொன்பது வயதில் யாருக்கு இருக்காது?

ஊரில் கூலிப் போராட்டம். மிராசுதார் கூலி நெல்லைக் கூட்டிக் கொடுக்க மறுத்ததால், எங்கள் தெருவில் யாரும் அரிவாளைத் தொடவில்லை. அவர் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுக்கப் போகிறார் என்று தகவல் வந்தது. ஊருக்குள் வண்டி வர ஒரே வழி, வாய்க்கால் மேல் இருந்த மரப்பாலம். எங்கள் ஆண்கள் அதன் பலகைகளைக் கழற்றி எங்கேயோ ஒளித்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் என் அப்பா. களத்து மேட்டில் கைகட்டி நின்ற மனிதர் நிமிர்ந்து நடந்ததைப் பார்க்க எனக்கு அத்தனை பெருமை.

வாரம் ஒருமுறை சைக்கிளில் வந்து கர்ப்பிணிகளைப் பார்க்கும் நர்சம்மா, பாலம் போனதிலிருந்து வரவில்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வயிற்றில் பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல் இருந்தது அதனால் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று.

ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாகப் போலீஸ் வாய்க்காலில் இறங்கி வந்து, தெருவில் இருந்த ஆண்களையெல்லாம் பிடித்துக்கொண்டு போனது. அப்பாவும் போனார். அந்தக் களேபரத்தில் எனக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. வெயில் ஏறியபோது மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"கால் முன்னாடி வருது. இதுல நான் கை வைக்க மாட்டேன். சீக்கிரம் திருவாரூருக்குக் கொண்டு போயிடுங்க."

எதில் கொண்டு போவது? பாலம் இல்லாமல் மாட்டு வண்டி வாய்க்காலைத் தாண்டாது. பலகைகள் இருக்குமிடம் ஆண்களுக்கு மட்டுந்தான் தெரியும். பொம்பளை வாயில் ரகசியம் தங்காது என்று எங்களிடம் சொல்லாமலே வைத்திருந்தார்கள். அம்மா வைக்கோல் போரைக் குத்திப் பார்த்தாள், குளத்தில் இறங்கித் துழாவினாள், கடைசியில் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு பெண்களே என்னைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கினார்கள்.

வாய்க்கால் கரைக்கு வந்ததும் கட்டில் நின்றது. அக்கரையில் அந்த லாரி. நிறைய வெளியூர் ஆட்கள், கையில் அரிவாளோடு. முந்தின நாள்வரை அவர்கள் வந்தால் சாணியைக் கரைத்து ஊற்றுவோம் என்று பேசியிருந்த எங்கள் பெண்கள், இப்போது என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

லாரியிலிருந்து ஒருத்தி குதித்தாள். கட்டிலைப் பார்த்தாள். "தலைச்சனா?" என்று மட்டும் கேட்டாள். அம்மா தலையாட்டியதும் திரும்பி, "என்ன வேடிக்க பாக்குறீங்க? எறங்குங்க!" என்று சத்தம் போட்டாள். அத்தனை பேரும் இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் இறங்கி, கட்டிலைத் தோள்மாற்றி அக்கரை சேர்த்தார்கள்.

லாரியில் சாக்கு விரித்து என்னைக் கிடத்தினார்கள். என் தலை அவள் மடியில். எனக்குக் கண் சொருகியது.

"தங்கச்சி, கண்ண மூடாத. என்னையத் திட்டு. ஒங்க கூலியக் கெடுக்க வந்தவதானே நான், நல்லாத் திட்டு."

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் நீளம். தெரிந்த வசவையெல்லாம் சொல்லித் திட்டினேன். "ம், இன்னும்" என்றாள். நடுவில், "எங்க ஊர்ல தண்ணியில்ல, வெளச்சலும் இல்ல, அதான் வந்தோம்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

திருவாரூர் ஆஸ்பத்திரியில் பிறந்தது ஆண் குழந்தை. அழவில்லை. நான் பிழைத்ததே பெரிது என்றார் டாக்டரம்மா. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த லாரி ஆட்கள் அறுப்புக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்களாம். விஷயம் தெரிந்ததும் அவள் தன் பிள்ளை போனதுபோல் அழுதுவிட்டுப் போனாள் என்று அம்மா சொன்னாள். எந்த ஊர் என்றுகூட நாங்கள் கேட்டுவைக்கவில்லை.

அப்பா ஜெயிலிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒங்கம்மாகிட்டயாவது சொல்லிட்டுப் போயிருக்கணும்" என்றார். கூலி கூடியது. கூடுதல் நெல்லைக் குத்தி அம்மா முதல் சோறு போட்ட அன்று, அப்பா பிசைந்து வைத்துவிட்டு எழுந்து கை கழுவிவிட்டார். அந்தச் சோற்றின் மேல் ஒரு குற்றமும் இல்லை. என் தம்பிகள் வயிறு நிறையச் சாப்பிட்டு வளர்ந்தது அந்தக் கூலியில்தான்.

அடுத்த பிரசவத்துக்கு நான் திருக்காட்டுப்பள்ளியை விட்டு நகரவில்லை. மாமியாரும் ஊர்ப் பேச்சைப் பற்றி வாய் திறக்கவில்லை. அம்மாதான் வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் முந்தானையை விரித்துப் படுத்துக் கிடந்தாள். என் மருமகள்கள் இருவரும் ஆஸ்பத்திரியில்தான் பெற்றார்கள். முதல் பிள்ளை யார் வீட்டுச் செலவு, யார் வீட்டு முறை என்று சம்பந்திகள் இழுத்தபோது, என் நீளமான வாய் மறுபடியும் உபயோகப்பட்டது.

இன்றும் ஊரில் நாலு பேர் கூடினால் கூலி வாங்கிய கதையைச் சொல்வார்கள், நானும் பெருமையோடுதான் கேட்பேன்; ஆனால் அந்தக் கதையில் யாரும் சொல்லாத ஒரு பிள்ளை எனக்கு இருக்கிறான், அவனைப் பற்றி யாரிடமாவது சொல்லவேண்டுமென்றால் கூப்பிட அவனுக்கு ஒரு பெயர்கூட நாங்கள் வைக்கவில்லை.